சாம்பல் நிற மறுமொழி

அடைப்புக்குறியள் எனக்குப் பிடிக்காது, நிறஞ்சனா. நீ நித்திரையா இருப்பாய், இந்த மெசேஜை விடியக் கேள்.

பரந்தன் சந்தியில ராஜரத்தினம் மாமான்ர கடையில நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மனு அடிச்சுக் குடுக்கிறது உனக்குத் தெரியும்தானே. அந்தக் கொம்பியூட்டரில எழுதிற புரோகிராம் கீழ்வரியில ஒவ்வொண்டாக் கேக்கும். பேர் என்ன, ஊர் என்ன எண்டு. வழமையா வாற மறுமொழியைக் கேள்விக்குப் பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள காட்டும். நாங்கள் வேற அடிச்சாலும் அது அங்கயே நிக்கும். சனம் குழம்பும். நான் அதைத் திருத்தினன். இப்ப மறுமொழி மெல்லிய சாம்பல் நிறத்தில நிக்கும். சரியெண்டால் என்ரர் கீயைத் தட்டினால் போதும். வேற அடிக்கத் தொடங்கினால் மறைஞ்சிடும்.

மாமா பாத்துச் சிரிச்சார். "கேள்வியையும் அதுவே கேட்டு மறுமொழியையும் அதுவே சொன்னால், வாற சனம் என்னத்துக்குப் பிள்ளை?"

போன மாதம் அம்மா அண்ணான்ர மனுவுக்கு வந்தா. சண்டை முடிஞ்ச நாள் கோகுலன் அண்ணாவை அம்மா தன்ர கையால ஆமிக்காரற்ற பஸ்ஸில ஏத்தி விட்டவா. பிறகு ஆளைக் காணேல்லை. எனக்கு அப்ப ஒரு வயசு. வருசா வருசம் ஒரே மனு, தேடித் தாங்கோ எண்டு. மரணச் சான்றிதழ் தாறம் எண்டு, காணாமல்போன ஆக்களைத் தேடுற அரசாங்கக் கந்தோரில சொல்லுவினம். அம்மா வாங்கமாட்டா. "உயிரோட ஏத்தி விட்டனான். கடதாசியில சாகடிக்க மாட்டன்."

நான் காய்ச்சலில கிடந்த அண்டைக்கும் அவா, காணாமல்போன பிள்ளையளின்ர அம்மாமார் போராடுற றோட்டோரக் கொட்டிலில அண்ணான்ர படத்தோட இருந்தவா. நான் அதைக் குறையாச் சொல்லேல்லை.

கடையில அம்மா எனக்குப் பக்கத்தில இருந்தா, ஆனால் அவாவுக்குக் கண் தெளிவில்லை. தற்போதைய நிலை எண்டு கேட்ட இடத்தில 'இறந்துவிட்டார்' எண்டு சாம்பலா நிண்டது. தட்டினன். கோரிக்கை எண்டு கேட்ட இடத்தில 'மரணச் சான்றிதழ்' எண்டு நிண்டது. அதையும் தட்டினன்.

"வாசிச்சுக் காட்டவோ அம்மா?"

"நீ அடிச்சதை நான் என்னத்துக்குப் பாக்க?" எண்டு கையெழுத்து வைச்சா.

முந்தநாள் கடிதம் வந்தது. உங்கட கோரிக்கைப்படி தேடுற பைல் மூடியாச்சு எண்டு. பக்கத்து வீட்டு சுகந்தினி அக்கா வாசிச்சுச் சொன்னா. "என்ர பிள்ளை அடிச்சது, அதில பிழை வராது" எண்டு அம்மா கந்தோருக்குச் சண்டைக்குப் போனா. அங்க மனுவைக் காட்டியிருக்கினம்.

முன்னம் வந்த ஆரோ அடிச்ச மறுமொழி தங்கி நிண்டிட்டுது எண்டு மாமாவுக்குச் சொன்னன். அப்பிடி ஒண்டும் தங்காது. அந்த ரெண்டையும் முதல்நாளே நான்தான் போட்டு வைச்சனான்.

கந்தோரால வந்து அம்மா என்னட்டைக் கேட்டா. "நான் வாய்தவறி அப்பிடிச் சொன்னனானோ பிள்ளை?"

நான் ஓம் எண்டன்.

இண்டைக்கு அவா கொட்டிலுக்குப் போகேல்லை. படத்தை அலுமாரிக்குள்ள வைச்சிட்டா. சாப்பிடவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. நான் அறிய அவா ஒரு நாள் முழுக்க வீட்டில நிண்டது இண்டைக்குத்தான். என்னோட இருக்கத்தான் நிண்டவா எண்டு நினைக்கிறன்.