கிளட்ச் மேல் இரண்டு விரல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வந்து தொந்தரவு செய்கிறேன் சார், மன்னிக்க வேண்டும். நாளைக்கு வரலாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோவுக்குக்கூட நிற்கப் பொறுக்காமல் பெருங்களத்தூரிலிருந்து நடந்தே வந்துவிட்டேன். நின்றுகொண்டே பேசட்டுமா? உட்கார்ந்தால் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். எதிரில் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று என் மனைவி லோகநாயகி சொல்வாள்.

என் பெயர் தயாளன். வயது நாற்பத்து மூன்று. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அந்தப் பாகத்தை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவேன். அதனால் நான் சொல்வதில் அளவு பிசகாது, நீங்கள் தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

சாலமோன் விஷயமாக வந்திருக்கிறேன். போன வருஷம் பிப்ரவரியில், ஊரப்பாக்கத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிற ஏரியில் டர்ட் பைக் ஓட்டப் போய் விழுந்தானே, அந்த சாலமோன். இந்த ஸ்டேஷனில்தான் விபத்து என்று எழுதி மூடினார்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

அவனும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் இப்போது பொத்தேரியில் ஒரு கல்லூரியில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். இருந்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு அவனைத் தவிர நண்பர்கள் கிடையாது, தேவைப்படவும் இல்லை. அவனுக்கோ சர்ச்சில் பத்து பேர், காலேஜில் இருபது பேர், டீக்கடையில் நிற்பவன்கூட ரெண்டாவது நாளே மச்சான் ஆகிவிடுவான். அதையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் அவன் என் வீட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவான். அந்தப் பொழுது எனக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

ஷெட்டில் எங்கள் வண்டி இருந்தது. தொண்ணூற்று நான்கு மாடல், நூறு சிசி, டூ-ஸ்ட்ரோக். காயலான் கடைக்குப் போக இருந்ததை ரெண்டு பேருமாக வாங்கி, மண்ணில் ஓட்டுவதற்கு முள்ளு டயரும் உயரமான மட்கார்டும் போட்டு மாற்றினோம். நான் கட்டுவேன், அவன் ஓட்டுவான். எனக்கு ஓட்டப் பயம். அவன் ஓட்டுவதைப் பார்ப்பதே எனக்குப் போதும்.

அவன் விழுந்ததற்கு முந்தைய அக்டோபரில் ஒரு ஞாயிறு, இன்ஜின் மேல் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் தாளை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான். "மச்சான், ஈவ்லினுக்கு அயர்லாந்துல நர்ஸ் வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சிடா. மார்ச் பதினாலு ஃப்ளைட்டு. பாப்பாவோட மூணு பேரும். போறதுக்குள்ள இத ஒரு தபா சூப்பரா கட்டிடு. கடைசியா ஒரு ரேஸ் வுட்டுட்டுப் போறேன்."

ஈவ்லின் அவன் மனைவி. நான் நல்லது என்றேன். சந்தோஷம் என்றும் சொன்னதாக ஞாபகம். அவன் போன பிறகு பார்த்தால், கேஸ்கெட் எப்போதோ போய், அடியிலிருந்த அலுமினியத்தைப் பள்ளம் விழும் அளவுக்குச் சுரண்டியிருக்கிறேன். அதைச் சமப்படுத்த இரண்டு நாள் ஆனது.

லோகநாயகிக்கு என் முகம் பிடிக்கவில்லை. "ஏங்க, அவங்க நல்லா இருக்கறதுக்குப் போறாங்க. உங்களுக்கு ஏன் இந்த வயித்தெரிச்சல்?" என்றாள். வயிற்றெரிச்சல் இல்லை சார். அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று புழுங்கினால்தான் அது வயிற்றெரிச்சல். எனக்கு அயர்லாந்து எதற்கு? எனக்கு வேண்டியது இந்த ஷெட்டில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தது.

எங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும். அங்கே குடிவந்த நாளிலிருந்து காதில் விழாத சத்தம், அந்த அக்டோபரிலிருந்து ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஒன்று, பல் தேய்க்கும்போது ஒன்று. கம்பெனியில் ஒருநாள் சரியாக இருந்த பாகங்களை எல்லாம் தப்பு என்று ஓரம் கட்டிவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

இன்ஜினை மட்டும் ஒழுங்காகக் கட்டினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கிராங்க் பேரிங் இரண்டும் புதுசு, சீல் புதுசு, சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட்டேன். புகை வெளியே போகும் வாசலை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன். அது வேகத்துக்கு. வேகம் கூடினால் கிளட்ச் வழுக்கும் என்பதால் அதற்குக் கடினமான ஸ்பிரிங். "இன்னும் கொஞ்சம் ஏத்துடா" என்று அவன் அரித்துக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை. பேராசைப்பட்டால் இந்த இன்ஜின் தாங்காது, எதையும் மிதமாகச் செய்ய வேண்டும் என்று அவனுக்குப் பாடமே எடுத்தேன்.

எண்ணெய் பம்பைக் கழற்றிவிட்டோம். ரேஸ் வண்டியில் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவதுதான் வழக்கம். லிட்டருக்கு நாற்பது மில்லி. அவன் மகள் கிருபா குழந்தையாக இருந்தபோது குடித்த பால் புட்டி ஒன்று, பக்கத்தில் கோடு போட்டது, அதில்தான் அளப்பான். கலக்குவது எப்போதும் அவன் வேலை, அதில் என்னைக் கை வைக்க விடமாட்டான்.

பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு சார். இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேலேயே இருக்கும். இன்ஜின் அளவு மீறிச் சூடானால் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்த நொடியே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். விரல் லீவர் மேல் இருந்தால் சட்டென்று பிடித்துவிடலாம், சக்கரம் விடுபட்டுவிடும், வண்டி உருண்டு போய் நிற்கும். சாலமோனுக்கு இது ஊறிப்போன பழக்கம். டீ டம்ளரைப் பிடித்தாலும் அந்த இரண்டு விரல் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். டம்ளருக்கும் கிளட்ச் இருக்கிறதா என்று நான் கேலி செய்வேன்.

பிப்ரவரி இருபத்து மூன்று ரேஸ். அன்று காலை அவன் சர்ச்சில் இருந்த நேரத்தில் நான் கார்புரேட்டரைத் திறந்து மெயின் ஜெட்டை மாற்றினேன். அது அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் திருகாணி. நடுவில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். பெரிய ஓட்டையை எடுத்துவிட்டுச் சின்ன ஓட்டையைப் போட்டேன். பத்து நிமிஷ வேலை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் இந்த இன்ஜின் உடனே மக்கர் செய்யாது. கொஞ்ச நேரம் முன்னைவிட நன்றாக இழுக்கும். முழு வேகத்தில் நீளமாக ஓட்டினால்தான் சூடேறிக் கவ்வும். மூன்று மணிக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு, புழுதி. "மச்சான், இன்னாடா பண்ணே? சும்மா கிழிச்சினு போவுது. இத வுட்டுட்டு நான் எப்டிடா போவேன்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை டூல் பெட்டிப் பக்கம் போனது. ரேஸ் ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜெட்டை மாற்ற அது தாராளம். ஆனால் அவன் அதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னான், டிக்கெட் போட்டாகிவிட்டது. அவன் ஹெல்மெட் பட்டையை நானே இறுக்கிவிட்டேன்.

மூன்றாவது ரவுண்டில், ஏரிக்கரையை ஒட்டிய நீளமான நேர்ப்பாதையில் இன்ஜின் கவ்வி நின்றது. சின்னதாக ஒரு கீச் சத்தம், அவ்வளவுதான். சக்கரம் பூட்டி, வண்டி திரும்பி, அவன் கரைக் கற்கள் மேல் போய் விழுந்தான். முதலில் ஓடியது நான்தான். இடுப்பு, தொடை இரண்டு இடத்தில், முதுகுத்தண்டில் கீழ்ப்பக்கம், எல்லாம் உடைந்திருந்தது. ஒரு கால் முறிவு, மாவுக்கட்டு, நாற்பத்தைந்து நாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மார்ச் பதினாலு தாண்டினால் போதும் என்றுதான்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, நீங்கள் கேட்கப்போவது சரியான கேள்வி. விரல் கிளட்ச் மேல் இருந்திருக்குமே, பிடித்திருப்பானே என்று. இருந்தால் பிடித்திருப்பான் சார். அதனால்தான் ஸ்பிரிங்கை ஜனவரியிலேயே போட்டேன். எல்லோரும் போடுவதைவிடக் கொஞ்சம் அதிகக் கடினமாக. லீவர் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தால் கடுத்துப்போகும், அழுத்த நான்கு விரலும் வேண்டும். முதல் ஞாயிறு திட்டினான். இரண்டாவது ஞாயிறு அடிக்கடி கையை உதறினான். மூன்றாவது ஞாயிறு விரல் இரண்டும் கைப்பிடிக்குத் திரும்பிவிட்டன. நான் ஓரமாக நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. ஈவ்லின் வேலையைத் தள்ளிப்போட்டாள். நான் தினமும் கம்பெனி விட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போவேன். அவனைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, சோறு ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவேன். "தயா அண்ணா, நீங்க இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்" என்று ஈவ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஜெபத்தில் என் பெயரைச் சொல்கிறாளாம்.

சாலமோன் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டான். எண்ணெயைக் குறைத்து ஊற்றிவிட்டோம், அதனால்தான் பிஸ்டன் கவ்விவிட்டது என்று. அந்தப் பால் புட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி என்னிடம் காட்டுவான். "நாப்பதுன்னா இந்தக் கோடுதானே மச்சான்? இதுலதானேடா அன்னைக்கும் அளந்தேன்? எங்க தப்பு பண்ணேன்?" ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதான். "நீ உயிரக் குடுத்துக் கட்டின இன்ஜின நான் நாசம் பண்ணிட்டேன்டா, என்ன மன்னிச்சிடு" என்றான். விடுடா, யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அவன் மேல் கோபமே இல்லை.

மறைக்க என்ன இருக்கிறது, அந்த ஒரு வருஷம் போல நான் நிம்மதியாக இருந்ததில்லை. கால் ஆடவில்லை. விமானம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. காலேஜ் நண்பர்கள் ஒரு மாதம் வந்தார்கள், சர்ச்சுக்காரர்கள் ஈஸ்டர் வரை வந்தார்கள். பிறகு நான் மட்டும்தான் சார். ஞாயிறு என்று இல்லை, எல்லா நாளும்.

போன புதன்கிழமை போனபோது ஈவ்லின் வாசலிலேயே கேக்கோடு நின்றாள். அயர்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டுவிட்டார்களாம். சாலமோன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து எனக்கு எதிரே பதினோரு அடி நடந்து வந்தான். "டாக்டர் போலாம்னுட்டாரு மச்சான். அங்க நல்லா ட்ரீட்மென்ட் தருவாங்களாம். அடுத்த மாசம் ஒம்பதாந்தேதி ஃப்ளைட்டு" என்றான். கேக்கைச் சாப்பிட்டேன். வெளியே வந்ததும் தலைக்கு மேலே விமானம் போனது. அன்றிலிருந்து ஒன்று விடாமல் கேட்கிறது.

அதன் பிறகுதான் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது சார். ஒரு மனிதன் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்நிய தேசத்துக்குப் போவது நியாயமில்லை. அவனுக்கு உண்மை தெரிய வேண்டும். அதற்காகத்தான் வந்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை. இந்தப் பையில் சின்ன ஜெட் இருக்கிறது, கவ்விப்போன பிஸ்டன் இருக்கிறது, ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எதை எந்தத் தேதியில் போட்டேன் என்று சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். எனக்கு வக்கீல் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் சார். கேஸ் முடிகிற வரைக்கும் சாலமோன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், அதனால் அவன் ஊரைவிட்டுப் போக முடியாது, இல்லையா? இந்த மாதிரி கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும்?