அன்பளிப்பாகிப் போன ஆராய்ச்சி

பொன்னாடைக்குள் வியர்த்தபடி தலைமையேற்று வீற்றிருக்கும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் அவர்களே! ஆன்றவிந்த பெரியோர்களே! பிரியாணி வாசம் வந்த பிறகும் எழாமல் இருக்கும் பொறுமையின் சிகரங்களாம் தாய்மார்களே! கைப்பேசியைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்பதாக நடிக்கும் இளைஞர்களே! ஈப்போ நகரத்து நல்லவர்களே! வணக்கம்.

பொறியியல் மாணவர்கள் ஷர்வினையும் வெண்டியையும் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நாலு சிரிப்பு, ரெண்டு கைதட்டல், ஒரு பொட்டலம் சோறு என்று நானும் கிளம்பி வந்தேன். வந்த இடத்தில் இரங்கலுரை ஆற்ற நிற்கிறேன்!

என்ன ஆராய்ச்சி தெரியுமா? பிளாஸ்டிக்கை உருக்கி, இழைமேல் இழையாய், அடுக்குமேல் அடுக்காய், பொருளையே அச்சடித்துத் தரும் இயந்திரம். அதில் நம் தோட்டத்து ரப்பரைத் தூளாக்கிக் கலந்து, சாண் நீளப் பட்டைகளாய் அச்சடித்தார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு கலவை. எது ஒடியாமல் தாங்கும் என்று நாளைக் காலை தஞ்சோங் மாலிம் பட்டறையில் இழுத்துப் பார்க்க வேண்டும். நாளையை விட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை. மறுபடி அச்சடிக்க நேரமும் இல்லை. அந்தப் பட்டைகளைத்தான், "சபைக்குக் கொண்டாந்து காட்டுங்க தம்பி" என்று நாம் கேட்க, தட்டில் அடுக்கி எடுத்துவந்தார்கள்.

கல்யாணமோ காதுகுத்தோ, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோமா நாம்? வரவேற்பில் நின்ற புஷ்பலதா அக்கா தட்டைப் பார்த்தார். "டோர் கிஃப்ட் வந்துருச்சுலா! இதென்ன, ஒவ்வொண்ணுலயும் நம்பர் ஒட்டி, அசிங்கமா?" நம்பரையெல்லாம் உரித்தார். ரிப்பன் கட்டினார். கும்பிட்டுக் கும்பிட்டுக் கொடுத்தார்!

அழாதீங்க அக்கா. நான் மட்டும் யோக்கியனா? வரிசையில் சுற்றிவந்து இரண்டாவது தடவையும் வாங்கினேன்!

யாரது பின்வரிசையில்? "திரும்பக் குடுத்தா போச்சு அண்ணே!" குடுக்கலாம் மச்சான். எது எந்தக் கலவைன்னு நீ சொல்லுவியா? அதுவும் முழுசாகவா இருக்கிறது? தலைவர் முதுகு சொறிந்தார், ஒடிந்தது. நான் போத்தல் மூடியை நெம்பினேன், ஒடிந்தது. முன்வரிசையில் பந்தயம் கட்டி வளைத்தார்கள். ஒடிந்தது, ஒடிந்தது, ஒடிந்தது!

அதோ, ஷர்வின் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து துண்டு பொறுக்குகிறான். "மைக்ல யாரையும் திட்டாதீங்க அங்கிள்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டவனும் அவன்தான்.

திட்டாமல் கேட்கிறேன், என் இனிய சமூகமே! போர்த்தத் தெரிந்தது நமக்கு, மாலை போடத் தெரிந்தது, படம் பிடித்துப் பரப்பத் தெரிந்தது. "இது என்ன தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்ததா? யாருக்காவது தெரிந்ததா? எனக்குத் தெரிந்ததா?

ஒன்று மட்டும் ஒடியவில்லை. இதோ, நான் இரண்டாவதாக வாங்கியது. வளைக்கிறேன், முறுக்குகிறேன், நிமிர்ந்து நிற்கிறது! அவர்கள் தேடியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதில் எத்தனை பங்கு ரப்பர்? சற்று முன் வெண்டியிடம் நீட்டினேன். ரிப்பனை அவிழ்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியல அங்கிள்" என்றாள்.

இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. வாசலில் அதே தட்டு காலியாக இருக்கிறது. துண்டோ துணுக்கோ, போட்டுவிட்டுப் போங்கள். இன்றைக்காவது நாம் வெறுங்கையோடு வீடு போவோம். வணக்கம்.