மூழ்காத ஊருக்கு நிதி இல்லை

எனக்கு வடிகால் வேலை பிடிக்கும், ஐயா. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவியே சிரித்திருக்கிறாள். ஆனால் அடைத்துக் கிடந்த கால்வாயைத் தூர்வாரிய பிறகு, தேங்கி நின்ற தண்ணீர் லேசாக அசைந்து கடல் பக்கம் நகரத் தொடங்குமே, அதைப் பார்த்தால் நாள்பட்ட தலைவலி விட்டதுபோல இருக்கும்.

மாநகராட்சியில் வெள்ளத்தடுப்புப் பிரிவுக்கு நான் தலைமைப் பொறியாளர். பெயர்தான் பெரிது. மூன்றாம் மாடியில், கழிப்பறையை ஒட்டி ஓர் அறை. மழை பெய்தால் எங்கள் கூரையே ஒழுகும். வெள்ளத்தடுப்புக்காரர்கள் வாளி வைத்துத் தடுக்கிறார்கள் என்று வரிவசூல் பிரிவில் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் நகரத்தின் தண்ணீரை இரண்டு கால்வாய்கள் கடலுக்குக் கொண்டுபோகின்றன. இரண்டின் வாயிலும் இரும்பு மதகு உண்டு. கடல் ஏறும்போது மதகை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். கடல் இறங்கும்போது தூக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வெளியே போகாது. இவ்வளவுதான் விஷயம். இதை ஒழுங்காகச் செய்தோம். அதனால் என் காலத்தில் நகரம் ஒருமுறைகூட மூழ்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

மதகுகள் துருவேறிவிட்டன. கரைகள் என் அப்பா காலத்தவை. கடலோ வருஷத்துக்கு வருஷம் மேலே வருகிறது. கடல்சுவர் வேண்டும், நீரேற்று நிலையங்கள் வேண்டும், கால்வாயை அகலப்படுத்த வேண்டும். மாநகராட்சிக்கு அதற்கு வக்கில்லை. இந்த மாதிரி வேலைகளுக்கென்றே நிதி தரும் வெளிநாட்டு வங்கி ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்தேன், திருப்பி அனுப்பினார்கள். திருத்தி அனுப்பினேன், மறுபடியும் திரும்பி வந்தது. கடைசியில் அந்த வங்கியின் நிபுணர் ஒருவர் நேரிலேயே வந்தார். நல்ல பெண்மணி. சேறு ஒட்டும் என்று பார்க்காமல் கரை முழுக்க என்னோடு நடந்தார். அறைக்குத் திரும்பியதும் வரைபடங்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், மறைக்காம சொல்றேன். இவ்வளவு சுத்தமான திட்டம் நான் பார்த்ததில்லை. ஆனா குழுவுல முதல்ல கேக்கறது, ஊர் கடைசியா எப்ப முழுகிச்சுன்னுதான்."

"முழுகலைம்மா. நாங்க முழுக விடலை."

"அதான் சிக்கல்," என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

கரையோரமாகத் தெற்கே போனால் அடுத்த நகரம். அங்கே என் பதவியில் இருப்பவர் மதகைத் திறந்தாரா மூடினாரா என்று அவருக்கே தெரியாது. ஊர் மூழ்கியது. தொலைக்காட்சி வந்தது, மந்திரிகள் வந்தார்கள், பின்னாலேயே நிதியும் வந்தது. இன்று அங்கே போனால் புதுச் சுவரின் மேல் ஜனங்கள் காற்று வாங்க நடக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் அவர் என் தோளைத் தட்டி, "அழுத பிள்ளைக்குத்தான் பால். நீங்க என்னடான்னா சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினாய் என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள். தொட்டிலே இல்லாத வீட்டில் பிள்ளையைக் கிள்ளாமல் இருந்து யாருக்கு என்ன லாபம்? அந்தக் கரை என்றைக்கிருந்தாலும் உடையும். உடையும்போது பாதி நகரம் போகும். அதற்கு முன்னால், ஒரு பகுதியில் மட்டும், என் கண்காணிப்பில் தண்ணீர் வந்தால் மீதி நகரத்துக்குச் சுவர் கிடைக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இப்போது போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

எந்தப் பகுதி என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. வடக்குக் கால்வாயின் ஓரத்தில் கிடங்குகள் இருக்கின்றன. முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சரக்கு நனைந்தால் காப்பீட்டுக்காரன் வருவான், நிபுணர் வரமாட்டார். மூட்டைக்காக யாரும் அழுவதில்லை. தெற்குக் கால்வாய் ஓரம் தாழ்வான குடியிருப்பு. நெருக்கமான தெருக்கள், தரையோடு தரையாக வீடுகள். என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடும் அங்கேதான் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேண்டாதவர்கள் இருக்கும் இடமாகப் பார்த்து நான் தேடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு வாரம் விடாமல் கொட்டியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், அதனால் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். கடைசி நாள் காலையில் தங்கைக்குப் போன் செய்தேன்.

"அண்ணிக்கு உடம்பு சரியில்லை. பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டுப் போயேன்."

"இந்த மழையிலயா? மாமியார் படுத்த படுக்கையா கெடக்காங்கண்ணா. யார் பார்த்துப்பா?"

"மாப்பிள்ளை வீட்லதானே இருக்கார், பார்த்துப்பார். ஒரு நாள்தானே."

வந்துவிட்டாள். சொன்ன பேச்சைத் தட்டமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

நண்பகலில் கடல் இறங்கத் தொடங்கியது. தெற்கு மதகை இயக்குபவரை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது. மேலதிகாரி உத்தரவில்லாமல் மதகைத் தொடக்கூடாது என்று அவருக்கு விதி. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், கால்வாய் கழுத்து வரைக்கும் நிக்குது. கடல் இறங்குது. தூக்கிடட்டுமா?"

"பொறுங்க."

சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டார். "சார், இப்ப தூக்காம விட்டா அடுத்த இறக்கம் வரைக்கும் கரை தாங்காது சார். அந்தப் பக்கம் குடியிருப்பு இருக்கு."

"எனக்குத் தெரியும். நான் சொல்றவரைக்கும் பொறுங்க."

தண்ணீர் இரும்பில் மோதும் சத்தம் போனில் கேட்டது. பிறகு அவர் போனை வைத்துவிட்டார்.

ஒலிபெருக்கி வண்டியை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். எச்சரிக்கை கொடுத்தால், மதகை ஏன் திறக்கவில்லை என்று உடனே கேட்பார்கள். தவிரவும், ஆளில்லாத தெருவில் தண்ணீர் நின்றால் அது வெறும் தண்ணீர்.

கடல் மறுபடி ஏறியது. முன்னிரவில், பள்ளிக்குப் பின்புறம் கரை உடைந்தது. நான் மேஜையில்தான் இருந்தேன். செய்தி வந்ததும் முதல் ஆளாகப் படகு ஏற்பாடு செய்தவன் நான்தான். அதைப் பாராட்டி மாநகராட்சி எனக்குச் சான்றிதழ் கொடுத்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை என்று பத்திரிகைகளில் வந்தது சரியானதே. அதை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை தையல் கடை வைத்திருந்தார், சாதுவான மனிதர். தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வரப் பார்த்திருக்கிறார். இருவரையும் வாசற்படிக்குப் பக்கத்திலேயே கண்டெடுத்தோம்.

நிபுணர் மறுபடி வந்தார். அவரைப் படகில் அழைத்துப் போனேன். ஒரு ஜன்னல் கம்பியில் பள்ளிச் சீருடை ஒன்று மாட்டித் தொங்கியது. அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கரைக்கு வந்ததும், "இனிமே நீங்க அலைய வேண்டாம் சார்," என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இரண்டு மதகுகளுக்கும் அனுமதி கிடைத்தது, சுவருக்கும் கிடைத்தது. முதல் தவணையும் வந்துவிட்டது. அடித்தளம் தோண்டுகிறார்கள், போனால் பாருங்கள்.

ரேடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் தூங்கிவிட்டார் என்று விசாரணையில் முடிவு செய்து உள்ளே வைத்தார்கள். சார்தான் பொறுக்கச் சொன்னார் என்று அவர் எவ்வளவோ சொன்னார். எனக்கு அப்படி நினைவில்லை என்று சொன்னேன். அப்போது என்னை உள்ளே வைத்திருந்தால் விண்ணப்பம் அந்தரத்தில் நின்றிருக்கும். இப்போது நிதி வந்துவிட்டது, அவரை விட்டுவிடுங்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் மனைவி அலுவலக வாசலில் வந்து நின்றபோதுகூட நான் கடுமையாக எதுவும் பேசவில்லை. நாற்காலி போடச் சொன்னேன்.

தங்கை உங்களிடம் வந்து சொன்னதால்தான் நான் வந்தேன் என்று எழுதாதீர்கள். எப்படியும் வருவதாகத்தான் இருந்தேன். அவள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அண்ணிக்கு அன்னிக்கு என்னண்ணா உடம்புக்கு?"

"தலைசுத்தல்."

"நான் வந்தப்ப அண்ணி மாடியில சாரலுக்கு ஜன்னல் சாத்திக்கிட்டு இருந்தாங்க. 'என்னடி, மழையில சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே'ன்னு கேட்டாங்க."

நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

"அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா," என்றாள். "அம்மாவை வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்திருப்பார். நான் கேட்டிருப்பேனா ஏன் எதுக்குன்னு?"

குரலை உயர்த்தவே இல்லை. மடித்த துணியை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள். அது மாப்பிள்ளையின் சட்டை. அவளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. படுக்கையில் கிடக்கும் கிழவியை மழையில் வண்டி வைத்துக் கொண்டுபோனால் தெருவே எட்டிப் பார்க்கும், பொறியாளர் வீட்டுக்கா, என்ன விஷயம் என்று கேட்கும். பக்கத்து வீடும் கிளம்பும், அதற்கடுத்த வீடும் கிளம்பும். இதை எப்படி விளக்குவது? அவள் குழந்தைகளை எழுப்பி, செருப்பு மாட்டிவிட்டு, குடைகூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனாள். இந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போடுகிறேன். மதகைத் திறக்கவிடாமல் நிறுத்தியவன் நான், தெரிந்தே நிறுத்தினேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஆட்கள் சாவார்கள் என்று தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாது, ஐயா. கணுக்கால் அளவு, மிஞ்சிப்போனால் முழங்கால் அளவு வரும், சாமான் நனையும், படம் எடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கையைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், அது வேறு விஷயம். அவள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது.