அறுபத்தொன்றாம் அடிக்குறிப்பு

அன்று அறையில் ஏழு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் தலைமை ஆசிரியன் வெஸ்லி டன்ஹம். அவனுக்கு வலப்பக்கம் மூவர், இடப்பக்கம் மாரிசோலும் இன்னொருத்தியும். ஆறு பேருமே சட்டக்கல்லூரி மாணவர்கள். கதவோரம், வெப்பக்குழாயை ஒட்டிய நாற்காலியில், கோப்புகளோடு நான். எங்கள் சர்வதேசச் சட்ட இதழில் ஆசிரியர்கள் வருடாவருடம் மாறுவார்கள். அலுவலகம் பார்க்கிற நான் பத்தொன்பது வருடமாக மாறவில்லை.

வருடத்துக்கு ஒரு மாணவர் கட்டுரைதான் அச்சேறும். பெயரை மறைத்து எண் போட்டுத்தான் படிப்பார்கள். ஒன்பதாம் எண்ணுக்கு மூன்று ஓட்டு, பதினான்குக்கு மூன்று. இப்படியே மூன்றாவது சனிக்கிழமை.

"இன்னிக்காவது முடிங்கப்பா. என் பூனை இப்பல்லாம் என்னைப் பாத்தா சீறுது," என்றாள் மாரிசோல்.

"அது எப்பவுமே சீறும்," என்றான் டன்ஹம். பிறகு என் பக்கம் திரும்பினான். "எல்வுட், பதினாலோட அறுபத்தொண்ணாம் அடிக்குறிப்புக்கு ஒரு கடிதம் நம்மகிட்ட இருக்கணுமே?"

மீன்பிடிக் கப்பலில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கித் தன்னை அடிமையாக வைத்திருந்ததை ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கைப்பட எழுதிய கடிதம். கட்டுரையே அதன்மேல்தான் நின்றது. அச்சில் வராத சான்று எங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தன் கையெழுத்து வெளியே போகக் கூடாது, நகல்கூட வேண்டாம் என்று அவன் கேட்டிருந்ததால் நேராக எனக்கே வந்தது. நான்கு பக்கம். என் மடியிலிருந்த கோப்பில்தான் இருந்தது.

"வரலை," என்றேன்.

பத்து நிமிடத்தில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்துக் கூட்டம் கலைந்தது. எனக்கு முதுகு வலித்தது, வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

கட்டுரையில் இல்லாத சான்றை மேற்கோள் காட்டினால் எழுதியவரின் பெயரைத் திறந்து ஒழுங்குக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான். பதினான்கு என்பது இங்க்ரிட் ஹால்வர்சன்; படிப்பு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. மாலுமி மறுபடி கடலுக்குப் போய்விட்டான், தொடர்பு கிடைக்கவில்லை.

விசாரணைக்கு முன்தினம் வந்தாள். "எல்வுட், இந்த மேசையில உக்காந்துதானே அந்தக் கடிதத்தைப் படிச்சேன்? நீங்க காப்பிகூடக் குடுத்தீங்களே."

"நிறையப் பேருக்குக் குடுக்கிறேன்ம்மா."

பொய்ச் சான்று புனைந்தவள் என்று எழுதி வெளியேற்றினார்கள். அந்தப் பேரோடு எந்த மாநிலத்திலும் வக்கீலாக முடியாது. இப்போது வான்கோழி இறைச்சி ஆலையில் பொதி கட்டுகிறாளாம். நல்ல பெண். விசாரணையில்கூட என்னைப் பற்றிக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. எல்வுட்டுக்கு மறதி, பாவம் என்றுதான் சொன்னாள்.

நான் அவள் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தவனல்ல. கடிதத்தைக் கிழிக்கவுமில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு காகிதத்தைக்கூட நான் தொலைத்ததில்லை.

அந்த நான்கு பக்கங்களையும் இத்துடன் வைத்து உறையை ஒட்டுகிறேன். முறைப்படி இதழ் அலுவலகத்துக்கே முகவரி எழுதியிருக்கிறேன். தெருமுனைப் பெட்டியில் போட்டால் திங்களன்று சேர்ந்துவிடும். என் கடமையைச் செய்துவிட்டேன். பிரித்துப் படிப்பவர் தக்க நடவடிக்கை எடுக்கட்டும்.

அங்கே தபால் பிரிப்பது நான்தான்.