மலையடி வளைவில் அமுங்கும் ஜீப்

கம்பத்திலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு ஜீப் டிரைவரும் மெக்கானிக் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலி வண்டிதாண்ணே. மலையடி வளைவு வந்ததும் இடது பின்பக்கம் அமுங்குது. ஏலக்கா எஸ்டேட் வாசல்ல தானா நிமிந்துருது."

"புது சாக் அப்சர்பர் போட்டு, ஸ்பிரிங்லயும் ஒரு பட்டை கூட்டி வச்சேனே?"

"அப்பறமும் அமுங்குது."

"அந்த வளைவுல யாரு ஏறுவாக?"

"பேச்சியக்கா. தினமும் அங்கன ஏறி எஸ்டேட்டுல இறங்குவாக. போன மாசம் தவறிட்டாகள்ல."

மெக்கானிக் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வண்டியக் கொண்டா. கூட்டுன பட்டையக் கழட்டிருவோம். அக்காவுக்கு இடுப்பு வலி. இறுக்கமா வச்சா தூக்கித் தூக்கிப் போடும்."