சொன்ன வேலையைச் செய்வாள்

இந்தப் பக்கத்துக் கதிரைக்கு ஒரு கால் ஆடுகிறது, மேடம். போன வருஷம் பரீட்சையில் பார்த்தெழுதிய பையன்களை விசாரித்தபோது நீங்கள் இருக்கும் பக்கத்தில் நான் இருந்தேன். அதனால் தெரியவில்லை. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஞானசீலன், வயது ஐம்பத்திரண்டு, மண்ணியல் பிரிவின் சிரேஷ்ட விரிவுரையாளர். பிறந்தது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்.

என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கும் நிலக்ஷனாவும் அதே லயத்துப் பிள்ளைதான். நம் கல்லூரியில் நாலு வருஷம் என்னிடம் படித்தாள். அவளைப்போல் மூளையுள்ள ஒருவர் என் வகுப்புக்கு வந்ததில்லை. இதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டு, தாயையும் கூட்டிக்கொண்டு பதுளையில் என் வீட்டுக்கு வந்தாள். தாய் இருதயம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவர். ஒரு பை போஞ்சிக்காய் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க பாத்து எழுதிவிடுங்க சேர். நம்ம லயத்துல இருந்து போனவரு நீங்கதானே" என்றார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பரிந்துரைப்பவர் எழுதுவதைப் பார்க்கும் உரிமை உனக்கு வேண்டுமா? வேண்டாம் என்று அவள் போட்டுவிட்டாள். "வேணும்னு போட்டா உங்கள சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்ல சேர்" என்று சிரித்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். நம்ம ஆள் என்று ஒருவரைக் கண்டுவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெரிய பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு அது ஊறுகாய் மாதிரி. நம் பிள்ளைகளுக்கு அதுதான் சோறு. பதுளையில் இப்படி ஒரு கல்லூரி இருப்பதே வெளிநாட்டில் எவருக்கும் தெரியாது. எங்கள் பரீட்சைப் புள்ளிகளை வைத்து அவர்கள் என்ன முடிவுக்கு வர முடியும்? கூடப் பழகிய ஆசிரியர் என்ன சொல்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

நான் ஒரு வார்த்தைகூடத் திட்டி எழுதவில்லை. திட்டினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அமைதியான பெண், பணிவானவள், சொன்ன வேலையைச் செய்வாள் என்று எழுதினேன். வகுப்பில் எந்த இடம் என்ற கேள்விக்கு, முதல் ஒரு சதவீதத்துக்குள் என்ற பெட்டியை விட்டுவிட்டு, முதல் இருபத்தைந்து சதவீதத்துக்குள் என்பதில் அடையாளமிட்டேன். அனுபவப்பட்ட எந்தத் தேர்வுக்குழுவும் அதோடு கோப்பை மூடிவிடும்.

ஏன் என்கிறீர்கள். நான் இதே கடிதத்துக்காக என் பேராசிரியர் வீட்டு வாசலில் ஏழு தடவை நின்றவன், மேடம். ஏழாவது தடவை இரண்டு வரி கொடுத்தார். 'இவர் என் மாணவர். நல்லொழுக்கமுள்ளவர்.' அந்த இரண்டு வரியோடு என் வெளிநாடு முடிந்தது. இந்தப் பெண் ஒரே தடவை வந்தாள், கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள், கேட்டாள். தன் ஆய்வறிக்கையில் நன்றி சொன்னபோது முதலில் தாய், அடுத்து தங்கை, மூன்றாவதாக ஆய்வுகூட உதவியாளர் றில்வான், நாலாவதாகத்தான் நான். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

முதல் வருஷம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷமும் கிடைக்கவில்லை. இரண்டு தடவையும் நானே தோட்டத்துக்குப் போய் ஆறுதல் சொன்னேன். இருதயம்மா கோழி அடித்துச் சமைத்துப் போட்டார். வேறு யாரிடமாவது கடிதம் வாங்கலாமா என்று நிலக்ஷனா கேட்டாள். தெரியாதவர் எழுதினால் எடுபடாது என்றேன்.

மூன்றாம் வருஷம் வெளிநாட்டில் ஒரு பேராசிரியை அவளுடைய ஆய்வை வாசித்துவிட்டு மிகவும் விரும்பினார். லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு மழைக்கு எப்போது சரிந்து இறங்கும் என்று அளந்த ஆய்வு. பணிவு, அமைதி எல்லாம் அந்த அம்மாவிடம் எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தேன். 'இந்த அளவீடுகளை அவர் தானே எடுத்தாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.'

பதினாலு மாதம் அவள் அந்தச் சரிவில் அட்டைக்கடியோடு மண்ணுக்குள் அளவுக் குழாய் இறக்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

அந்தத் தடவையும் கிடைக்கவில்லை. மேற்படிப்பு உதவிப்பணத்துக்கு வயதெல்லை அந்த வருஷத்தோடு முடிந்தது. இப்போது பெரகல சந்தியில் ஒரு கடையில் தொலைபேசிக்கு ரீலோட் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேராசிரியைதான் மனம் கேட்காமல், இனி எங்கேயாவது விண்ணப்பித்தால் பரிந்துரைப்பவரை மாற்றிப் பார் என்று அவளுக்கு எழுதியிருக்கிறார். நேரே என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தவுமில்லை, உட்காரவுமில்லை.

"மூணு வருஷமா என்ன எழுதுனீங்க, சேர்?"

"நல்லதுதான் எழுதினேன்."

"அப்ப வாசிங்க."

வாசித்தேன். முதலாவது கடிதத்தை மட்டும். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"சொன்ன வேலைய செய்வாளா? காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்க வச்சு எங்கம்மாவ கங்காணி இப்புடித்தான் சொல்லுவாரு. நீங்களுமா சேர்?"

அதற்குப் பிறகு என்னைச் சேர் என்று அவள் கூப்பிடவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவள் ஒருத்தி மட்டும் இல்லை. பதினொரு வருஷத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பதினாலு பேருக்கு எழுதியிருக்கிறேன். பதினாலு பேரும் போகக்கூடாது என்றுதான் எழுதினேன். ஒருவரும் போகவில்லை. தோட்டத்துப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு இன்றுவரை ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நம்மில் படித்து மேலே வந்தவர் இவர் ஒருவர்தான் என்று மேடையில் சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லையே, மேடம்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன், உள்ளே வரும்போது வாங்கி வைத்த என் கைத்தொலைபேசியைக் கொஞ்சம் தாருங்கள். விதுஷா என்று இறுதியாண்டுப் பிள்ளை, கொழுந்து எடுக்கும் தாயின் மகள்தான். காலையிலிருந்து இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். அவளுடைய விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிவிடும், என் கடிதம் இன்னும் போகவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?