யார் பக்கத்து ரத்தம்

— ஆஸ்பத்திரிக் கடுதாசிய அப்பறம் படிக்கலாம், ரூபினி. மொதல்ல தம்பி தலைய நிமித்திப் புடி. கஞ்சி மூக்குல ஏறிடும்.

— புடிச்சிருக்கேம்மா. கொஞ்சங் கொஞ்சமா ஊட்டு. குகா, வாயத் தொற.

— நேத்து நாலு கரண்டி முழுங்குனான். இன்னிக்கு ரெண்டுதான். ஆமா, ஏன் இவ்ளோ லேட்டு? கோலாலம்பூர் பஸ்ஸு மத்தியானமே வந்திருக்கணுமே.

— ரிங்லெட்டுல எறங்கிட்டேன். ஒரு வேலை இருந்துச்சு.

— ரிங்லெட்டுலயா? ஒங்க அத்த வீட்டுக்கா போன?

— ஸ்பெஷலிஸ்ட் சொன்னதச் சொல்லவா, வேணாமா?

— கத்தாதலா. டிகிரி வாங்குனா பெத்தவள அதட்டலாம்னு எழுதிக் குடுத்தாங்களா?

— கத்துனாத்தான் ஒனக்குக் கேக்குது. நீ டிவி வச்சா பக்கத்து லைன் வீட்டுல ஒக்காந்து கத கேக்குறாங்க.

— இருவது வருஷம் ஃபேக்டரி மெஷின் பக்கத்துல நின்ன காது இது. சரி, சொல்லு. எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.

— ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத அடுப்புங்க இருக்கு. தின்னத சக்தியா மாத்துறது அதுங்கதான். குகனுக்கு அதுல முக்காவாசி பொறப்புலயே பழுது. மூளைக்கும் சதைக்கும்தான் தீனி நெறைய வேணும், அதனால அது ரெண்டும் மொதல்ல பட்டினி கெடக்குது. வலிப்பு, கை தூக்க முடியாதது, பாதிப் பார்வ போனது, எல்லாம் ஒரே சீக்குதான். மைட்டோகாண்ட்ரியா சீக்கு.

— வாயில நொழையாத பேரு. மருந்து?

— இல்ல.

— பினாங்குல?

— எங்கயும் இல்ல. விட்டமின் மாத்திரை குடுத்திருக்காங்க. நேராச் சொல்றேன், அது நம்ம மனசுக்கு.

— மெல்லப் பேசு, புள்ள காதுல விழுது.

— மெல்லப் பேசுனா ஒனக்குக் கேக்காது. என்னைய என்னதான் பண்ணச் சொல்ற?

— கங்காணி இவன சோம்பேறின்னாரு. தேயில வெட்டுற மெஷினப் புடிக்க மாட்டேங்குறான், நடிக்கிறான்னாரு. நானும் அத நம்பி ரெண்டு அடி வச்சேன், ரூபினி. இந்தத் தோள்லதான்.

— தெரியும்.

— எல்லாம் ஒங்கப்பன் பக்கத்து ரத்தம். ஒங்க சின்னத் தாத்தாவும் தேயிலச் சரிவுல இழுத்துக்கிட்டுத்தான் செத்தாரு.

— சம்சு குடிச்சிட்டு உருண்டாரும்மா! எஸ்டேட்டுக்கே தெரியும்.

— நீ என்ன வேணா சொல்லு. அதுக்குத்தான் சசிதரன வேணாம்னேன். அப்பன் ரத்தம் ஏற்கெனவே ஒன் ஒடம்புல. அதே ரத்தத்துல அத்த மகனையும் கட்டுனா, ஒனக்குப் பொறக்குறதெல்லாம் இவன மாதிரி படுத்துக் கெடக்கும்.

— ஆறு வருஷம்மா. திரிங்காப்புல பூ லோரி ஓட்டிக்கிட்டு, பாத்த பொண்ணயெல்லாம் வேணாம்னுட்டு, ஆறு வருஷமா காத்துக் கெடக்கான். அப்பா சாவுக்கு வந்த அத்தைய வாசல்லயே நிறுத்துன நீ. கூடப் பொறந்தவள அப்பா மொகத்தப் பாக்க விட்டியா? அப்பா, ‘எம் புள்ளைக்கு நாந்தான் எமன்’னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு.

— இப்ப எதுக்கு அந்தக் கதையெல்லாம்?

— இந்தச் சீக்கு அப்பா பக்கத்துலேருந்து வரல. ரத்தத்தப் பாத்து எழுதியே குடுத்திருக்காங்க. இவனுக்கு இருக்குற வகையில அந்தப் பழுத அப்பன் குடுக்கவே முடியாது. அம்மாதான் குடுக்கும். பெத்த புள்ளைங்க எல்லாத்துக்கும். பொண்ணா இருந்தா, அவ பெக்குறதுக்கும்.

— எங்க பக்கத்துல யாருக்கு இருக்கு இந்த மாதிரி?

— ஒன் தம்பி, வீரப்பன் மாமா, இருவத்தி மூணு வயசுல வலிப்புல போனாரு. பெரியம்மாவுக்குச் சக்கர, காதும் போச்சு. ஒனக்கும் சக்கர, ஒனக்கும் காது. மெஷின் சத்தம் இல்லம்மா அது, இதே சீக்குதான்.

— அப்ப நாந்தான் குடுத்தேனா?

— தெரிஞ்சா குடுத்த?

— அந்த மனுஷன எத்தன பேச்சு பேசுனேன். அவரு திருப்பி ஒரு வார்த்த சொல்லல. தம்பி வாயத் தொடச்சி விடு, ரூபினி.

— நல்லாத் திட்டணும்னுதான் வந்தேன். தாப்பாவுலேருந்து மலையேறுற வரைக்கும் பஸ்ஸுல மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். இப்ப வாயில வர மாட்டேங்குது.

— திட்டு. திட்டித் தொலச்சிட்டு, நாளைக்கு என்னைய ரிங்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஒங்க அத்த சாரதா கால்ல விழுறேன். ‘அண்ணி, ஒங்க பக்கம் ஒரு குத்தமும் இல்ல, எம் பொண்ண எடுத்துக்குங்க’ன்னு கேக்குறேன்.

— வேணாம்.

— எம் மேல இருக்குற கோவத்துல சொல்லாதலா. அவங்க ரத்தம் சுத்தம்னா அப்பறம் என்ன தட? வர்ற தையிலயே முடிச்சிடுவோம். தம்பிக்கு மிச்சம் இருக்குற கண்ணு தெரியும்போதே ஒன் கல்யாணத்தப் பாக்கட்டும்.

— நான் அங்க போயிட்டுத்தாம்மா வர்றேன். அத்த காப்பி போட்டுக் குடுத்தாங்க. கடுதாசியப் படிச்சிக் காட்டுனதும் அழுதாங்க, சிரிச்சாங்க. சசி உள்ள போயி சட்ட மாத்திட்டு வந்து ஒக்காந்தான், இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்னு.

— அப்பறம் என்ன? அவ மாட்டேன்னுட்டாளா?

— அவங்க யாரும் மாட்டேன்னு சொல்லல. ‘கெட்ட ரத்தத்துல சம்பந்தம் வேணாம்’னு ஆறு வருஷமா நீ எங்கிட்ட சொன்னியே, அதத்தான் நான் சசிகிட்ட சொல்லிட்டு வந்தேன்.